கியூசிக்குத் தெரியும்

ஈரத் துணியில் சுற்றிய மல்லிகைச் சரத்தோடு அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். எனக்குக் குழந்தை இறந்தே பிறந்து அன்று மூன்றாம் நாள். ஏழு மாதம் முடிந்து எட்டாவது தொடங்கியிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து, சுவரோரம் உட்கார்ந்து, "வயசு கெடக்குது, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு குரலில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி பூவோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் என் மாமியாரின் முகம் சுண்டிவிட்டது. அதற்குப் பூ மட்டும் காரணமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல், நான் படுத்திருந்த உள்ளறைவரை வந்து கதவைச் சாத்தினாள்.

"பால் கட்டிக்கினு கீதா?" என்றாள். மூன்று நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். குழந்தை இல்லை என்பது மார்புக்குத் தெரியவில்லை. கல்லாக இறுகி, காய்ச்சலாகக் கொதித்து, ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, இல்லாத பிள்ளைக்குப் பால் சுரக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் சரத்தைப் பிரித்து, என் மார்பின் மேல் சுற்றுச் சுற்றாக வைத்து, பழைய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "பூ வெச்சா வத்திடும். எங்க அம்மா எனக்கு வெச்சாங்க, ரெண்டாவது போனப்ப." அவளுக்கும் ஒன்று போயிருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவர்கள் நாங்கள். கட்டி முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா பேரு நெனச்சி வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பஸ்ஸில் யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவள் கியூசி. கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். விடியற்காலை உத்திரமேரூரில் பஸ் ஏறி, பழையசீவரம் பாலத்தில் பாலாற்றைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். நான் லைனில் வயர்களைச் சொருகுகிறவள். அவள் லைனின் கடைசியில் நின்று, செய்து வருகிற ஒவ்வொரு கட்டையும் சரிபார்க்கிற குவாலிட்டி கன்ட்ரோல்காரி, சுருக்கமாகக் கியூசி. விரல் நுனியால் ஒவ்வொரு இணைப்பையும் தடவி, லேசாக இழுத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் மார்க்கர் பேனாவால் ஒரு பச்சைப் புள்ளி. தப்பென்றால் சிவப்பு டேப் சுற்றி, பக்கத்திலிருக்கும் சிவப்புத் தொட்டியில் போடுவாள். ஒரு கட்டைப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும். அவள் கையிலிருந்து தப்பிப் போன பழுது ஒன்றுகூட இல்லை என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள். அந்தப் பச்சைப் பேனா எப்போதும் அவள் கோட்டுப் பையில் இருக்கும். மகளின் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்து முடித்தால் பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பாள். பஸ்ஸில் நான் மாமியாரைப் பற்றியோ புருஷனைப் பற்றியோ புலம்பித் தீர்த்ததும் என் புறங்கையில் ஒரு புள்ளி வைத்து, "பாஸு. போயி வேலயப் பாரு" என்பாள். கொஞ்சல் என்று அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நான் தூங்கி அவள் தோளில் எச்சில் வழியவிட்டால் திட்டுவாள். திட்டுவாளே தவிர தோளை நகர்த்த மாட்டாள்.

அவளுக்கு உடம்பு கெட்டது எப்போது தொடங்கியது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. என்னை நான் மன்னிக்காத விஷயங்களில் அது முதலாவது. மாதவிலக்கு நிற்கிற வயசும் இல்லை, ஆனால் மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. எங்கள் லைனில் பாத்ரூம் போக நேரக் கணக்கு உண்டு. அதற்குள் போய்வர வேண்டும் என்பதற்காக இரண்டு மடங்கு துணி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இடுப்பு வலி என்பாள், நின்றே வேலை பார்க்கிற எங்கள் எல்லோருக்கும் இடுப்பு வலிதான். முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, "பேரீச்சம்பழம் சாப்டு" என்று சொன்னேன். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்தவர் செய்த பொருளில் மயிரிழைப் பழுதைக் கண்டுபிடிக்கிறவள், தன் உடம்பில் நடப்பதை ஏன் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டாள் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு நாள் காலை, ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், சரிபார்க்கும் மேஜையின் மேலேயே குப்புறச் சாய்ந்தாள். நீலக் கோட்டின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று மறைத்துக்கொண்டே அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அந்த நிலையிலும், "கோட்டு கறையாயிடுச்சிடி" என்றாள்.

காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கருப்பை வாயில் புற்று. பக்கத்து இடங்களுக்கும் பரவிவிட்டதால் ஆபரேஷன் இல்லை, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவள் கணவர். கட்டட வேலை செய்கிற மேஸ்திரி. ஐந்தாறு ஆட்களைச் சத்தம் போட்டு வேலை வாங்குகிற மனிதர், ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்களை மண்ணிலிருந்து எடுக்காமல் பேசினார். "தங்கச்சி, அதுக்கு ஒண்ணியும் தெரிய வாணாம். சாதாரண கட்டி, கரண்டு வெச்சா கரைஞ்சிடும்னு சொல்லிக்கீறோம். தெரிஞ்சா அது அன்னிக்கே வுட்ரும். நீயும் அப்டித்தான் சொல்லணும். எம் பொண்ணு மேல ஆணையா சொல்லு." அவர் நீட்டிய கையில் சிமென்ட் வெடிப்புகள். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் நிலையில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று அப்போது தோன்றியது.

கரண்ட் வைப்பது வாரத்தில் ஐந்து நாள். எனக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் காலையில் நான் கூடப் போவேன். மேஸ்திரி தன் வண்டியில் எங்கள் இருவரையும் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அந்தப் பிரிவில் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே யாருக்கும் விளங்கிவிடும். தாடையில் ஊதா மையால் கோடு போட்ட கிழவர்கள், தலையில் துண்டு கட்டிய பெண்கள், குழாய் வழியே கஞ்சி குடிக்கிறவர்கள். சுவரில் பெரிய எழுத்தில் பிரிவின் பெயர் தமிழிலேயே எழுதியிருந்தது. பத்தாவது வரை படித்தவளை அந்தச் சுவருக்கு எதிரே உட்காரவைத்துக்கொண்டு சாதாரணக் கட்டி என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், முறை வர நேரமிருந்ததால், வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து நாஷ்டாவைப் பிரித்தோம். இட்லியைப் பிட்டவள் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "உங்கிட்ட இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"இன்னா சொல்லுவாங்க? கட்டிதான். கரைஞ்சிடும்."

"நீ சொல்லு. நீ இன்னா நெனைக்கிற?"

"நானும் அதான் நெனைக்கிறேன். தைரியமா இரு. எல்லாம் சரியாயிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். லைன் கடைசியில் அவள் முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொரு கட்டையும் பார்ப்பாளே, அதே பார்வை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு இட்லியை டப்பாவில் திரும்ப வைத்து மூடினாள். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதெல்லாம் டிவி தொடர்களைப் பற்றி. மழை வருமா, பஸ்ஸில் என் பக்கத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள், என் மகன் சளி எப்படி இருக்கிறது. (மல்லிகை நாளுக்கு இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு மகன் பிறந்திருந்தான்.) என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். நான் போனால், "வாம்மா, உக்காரு" என்று மரியாதையாகச் சொல்வாள். அந்த "வாம்மா" என்னை என்னவோ செய்தது. விருந்தாளிகளிடம் பேசுகிற குரல் அது. கரண்ட் வைத்ததில் உள்ளே வெந்து, உட்கார முடியாமல் ஒருக்களித்தே கிடப்பாள். வயிற்றுப்போக்கு நிற்காது. எலும்பு தெரிகிற கையால் போர்வையைச் சரிசெய்துகொண்டு, "இப்ப எவ்ளோ தேவல" என்பாள். நானும் "முகம் தெளிஞ்சிகீது" என்பேன். இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு எங்கெங்கோ பேசிக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் வருகிற பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார்கள். பன்னிரண்டு பேர். சின்ன வீடு, பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒருத்தி தைத்துக்கொண்டு வந்த மெத்தென்ற நைட்டி. எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரிடமும் நான்தான் ரகசியம் என்று சொல்லிவைத்திருந்தேன். "சீக்கிரம் வா கியூசி, நீ இல்லாம புதுசா வந்தவ எல்லாத்தையும் பாஸ் போடுறா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஃபோனில் பஸ் வீடியோவைக் காட்டினாள். கடைசியில் எங்களுக்குள் வயசில் சின்னவள் அடக்க முடியாமல் விசும்பிக்கொண்டு வெளியே ஓட, கியூசி எழுந்து உட்கார முயன்றபடி, "அதுக்கு இன்னா ஆச்சி? மாப்ள ஊட்ல வாணாம்னுட்டாங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். வேன் ஏறும்போது, "பாவம், அதுக்கு எதுவுமே தெரியல பாரு" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் செங்கல்பட்டில் இருந்தார், அவரிடம் ஒரு தடவை காட்டிக் கேட்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். "பீரோ மேல, பழைய பெயின்ட் டப்பாக்குப் பின்னால ஒளிச்சி வெச்சிருந்தேன் தங்கச்சி. அது கண்ணுல படல" என்றார். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த ரிப்போர்ட்டில் அந்த நோயின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தாளின் கீழ் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. அடுத்த தாளிலும் இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டில், ரத்த டெஸ்ட்டில், டாக்டர் கிறுக்கிய சீட்டில், கடைசித் தாள்வரை எல்லாவற்றிலும் இருந்தது. பீரோ மேலிருந்து எடுத்து, ஒன்றுவிடாமல் படித்து, தெரியாத வார்த்தைகளை மகளின் ஃபோனில் தேடிப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள். பழக்கத்தில் புள்ளியும் வைத்திருக்கிறாள். பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அவமானம். புங்கமரத்தடியில் அவள் கேட்டது நோயின் பெயரை இல்லை. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பூவோடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் உட்கார்ந்தாளே, அதுபோல் நானும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேனா என்று கேட்டிருக்கிறாள். நான் அவளிடம், என் சொந்தக்காரர்கள் என்னிடம் சொன்ன வாக்கியத்தையே சொல்லியிருக்கிறேன்.

செங்கல்பட்டு டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரம். "வாம்மா, உக்காரு" என்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

"எனக்குத் தெரியும் கியூசி. உனக்கும் தெரியும்னு இப்ப தெரியும்."

 "இத்தினி நாளு ஆச்சாடி ஒனக்கு?" என்றாள். அந்த "டி" காதில் விழுந்ததும் நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சத்தமே இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு அழுதாள். பயமாக இருக்கிறது என்றாள். சாவதைவிட அந்த வலி பயமாக இருக்கிறது என்றாள். நாற்றம் வருகிறதா, மறைக்காமல் சொல்லு என்றாள். வருகிறது என்றேன். "அப்பாடா, ஒருத்தியாவது சொன்னியே. எல்லாரும் ஊதுவத்தி ஏத்திட்டு, சாமிக்குன்றாங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "என்னிய செவப்புத் தொட்டில போட்டாச்சிடி" என்றாள். ஆறுதலாக எதுவும் சொல்லக்கூடாது என்பது இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. வெந்நீர் வைத்து, அவள் உடம்பைத் துடைத்து, துணி மாற்றினேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆனது.

"மேஸ்திரி அண்ணங்கிட்ட சொல்லிடலாமே. இன்னும் எதுக்கு இந்த நாடகம்?" என்று அன்று கேட்டேன்.

"வாணாம். அவர்கிட்ட மட்டும் எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. அந்த மனுஷனால என்னியத்தான் காப்பாத்த முடில. அந்தப் பொய்யையாச்சும் காப்பாத்தினு போட்டும்."

அதற்குப் பிறகு அவள் நாலு மாதம் இருந்தாள். நல்ல நாட்கள் என்று எதையும் சொல்ல மாட்டேன். ஒரு கால் யானைக்கால்போல வீங்கியது. சிறுநீர் போவது குறைந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை நாலு மணி நேரத்துக்குத் தாங்கும் என்றார்கள், இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. மிச்ச நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வாள், அவள் விட்டபிறகு என் விரல்களை மடக்க முடியாது. மேஸ்திரி மாலையில் வந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கி பரவால்ல" என்பாள். "கட்டி கரையிதுல்ல, அதான். டாக்டர் அப்டித்தான் சொன்னாரு" என்று அவர் சொல்வார். அவள் என்னைப் பார்க்க மாட்டாள். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மகளிடம் மட்டும் அவள் பொய் சொல்ல விரும்பவில்லை. மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து மகள் வந்த நேரம், மேஸ்திரி கான்கிரீட் போடும் வேலைக்குப் போயிருந்தார். கியூசி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னையும் இருக்கச் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். குணமாகாது என்று சொன்னாள். "பள்ளிக்கூடத்துலருந்து வரும்போது நான் போயிருந்தா, நம்மகிட்ட அம்மா சொல்லலயேன்னு நீ நெனைக்கக்கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்." அந்தப் பெண் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நான் காத்திருந்தேன். "நைனாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாரு."

 "சரிம்மா" என்றாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் கஞ்சி வைத்தாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் வெகுநேரம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழப்போனேன். கியூசி என் புடவையைப் பிடித்து இழுத்து, "வுடு. அழுது முடிக்கட்டும்" என்றாள்.

அவள் போனபோது நான் கூட இல்லை. முதல் ஷிப்ட்டில் இருந்தேன். ஃபோன்கள் லாக்கரில் இருக்கும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தபோது என் வீட்டுக்காரரிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பஸ்ஸில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உத்திரமேரூரில் எங்களை இறக்கிவிட வேண்டிய டிரைவர், கேட்காமலேயே ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். பெரிய பஸ் போகிற அளவுவரை போய் நிறுத்தினார். கோட்டைக் கழற்றாமல், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நாங்கள் முப்பத்தைந்து பேர் காலனித் தெருவில் வரிசையாக நடந்தோம். நைட்டி தைத்துக்கொடுத்தவள் அதே நைட்டியை அவள் தலைமாட்டில் மடித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடசி வரைக்கும் அதுக்கு ஒண்ணியும் தெரியாது தங்கச்சி. தூக்கத்துல போற மாதிரி போயிடுச்சி. நல்ல வேள" என்றார். "ஆமாண்ணா" என்றேன். வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார், "பின்பக்கமா போயி தலைக்கி ஊத்திக்கினு உள்ள வா" என்றார். எந்தச் சாவுக்கும் சொல்வதுதான். ஆனால் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, நான் ஊற்றி முடிக்கும்வரை அவர் கிணற்றடியிலேயே நின்றிருந்தார்.

மூன்று வருடம் ஆகப்போகிறது. நான் இன்னும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். லைனில் முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒவ்வொருத்தியையும் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன், சிலரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு. இரண்டு மடங்கு துணி வைத்துக்கொள்கிறவள் யார் என்று இப்போது எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். அதனால் எனக்கு ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை. அவள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போகிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறாள். உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நானும் அவர்களோடு போனேன். மேஸ்திரி தன் கையாலேயே கட்டிய கல்லறை. ஒவ்வொரு வருடமும் முந்தின நாளே வந்து வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாயங்காலக் காற்றில் அணையாமல் மகள் இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி சிலுவையின் மேல் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிப்போட்டபடி, "ஒண்ணு மட்டும் நிம்மதி தங்கச்சி. இன்னா வியாதின்னு தெரியாமயே போயிடுச்சி. தெரிஞ்சிருந்தா தாங்கியிருக்காது" என்றார். நான் "ஆமாண்ணா" சொல்ல வாயெடுப்பதற்குள், மகள் சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆமா நைனா. அம்மாக்கு ஒண்ணியும் தெரியாது."

அவள் அம்மா "இன்னிக்கி பரவால்ல" என்று சொல்வாளே, அதே குரல்.  யாரும் அவளிடம் சத்தியம் வாங்கவில்லை. இப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் இல்லை. திரும்பி நடக்கும்போது, அவர் கொஞ்சம் முன்னால் போனதும், "இதெல்லாம் நீ சொல்ல வாணாம்மா. நான் பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். "பரவால்ல சின்னம்மா. நைனாக்கு அது வோணும்" என்றாள்.

வீட்டு வாசலில் நான் ஓட்டிவந்த ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திக் கொடுக்க மேஸ்திரி வந்தார். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவர் அரிசி விலையைப் பற்றிப் பேசினார், ஏரி நிரம்பாததைப் பற்றிப் பேசினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை நானும் அவரும் தனியாகப் பேசியிருக்கிறோம். அவளுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விட்டது என்று, மகள் காதில் விழாத தூரத்தில் இருக்கும்போது, அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சாவு வீட்டில் சொன்னபோதும் அந்தப் பெண் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்கு எப்போது தெரிந்தது, பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாலிருந்த தாள்களை அவரும் என்றாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. கேட்க நினைத்தேன். உள்ளே மகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.